ஸ்கேன் சென்டர் தொடங்கும் முன் கையெழுத்தாக வேண்டியவை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் அரசு மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் ரேடியோலஜிஸ்ட் (ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவர்) ஒருவர், இரண்டு சகாக்களோடு சேர்ந்து பினாங்கில் சொந்தமாக ஸ்கேன் சென்டர் தொடங்க நினைக்கிறார். அந்த இருவரில் ஒருவர் ஏற்கெனவே தனியார் துறையில் இருக்கிறார். நிறுவனத்தை எந்த வடிவில் பதிவது, இயந்திரத்தை வாங்குவதா குத்தகைக்கு எடுப்பதா, நோயாளிகளை அனுப்பும் மருத்துவர்கள் கட்டணத்தில் "பங்கு" கேட்டால் என்ன சொல்வது, அரசு வேலையை எப்போது விடுவது என்று கேட்டிருக்கிறார்.

டாக்டர், நான் மருத்துவன் இல்லை. கம்பெனி செயலாளராக இருந்து, பிறகு ரேடியோலஜி குழுக்களின் நிர்வாகத்துக்கு வந்தவன். ஜோர்ஜ் டவுனிலும் அக்கரை பட்டர்வொர்த்திலும் குழுக்கள் சேர்வதையும் பிரிவதையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அறிக்கையில் தவறு நேர்ந்து உடைந்த குழுக்கள் குறைவு. ஒருவர் விலகினால் என்ன, ஏதாவது கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதை எழுதி வைக்காததால் உடைந்தவைதான் அதிகம். ஆகவே உங்கள் நான்கு கேள்விகளுக்கும் அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதலில் நிறுவன வடிவம். சாதாரணக் கூட்டாண்மையாகத் தொடங்கினால், 1961ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தின் கடன் மூவருக்கும் தனிப்பட்ட கடன். பல மில்லியன் ரிங்கிட் இயந்திரக் கடனோடு தொடங்கும் தொழிலுக்கு அது ஏற்றதல்ல. சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் வரையறுக்கப்பட்ட கம்பெனிதான் வழக்கம், நானும் அதையே சொல்வேன். ஆனால் "கம்பெனி இருக்கிறது, நமக்குப் பாதுகாப்பு" என்று நம்பிவிடாதீர்கள். இரண்டு இடங்களில் அந்தப் பாதுகாப்பு நிற்காது. உங்கள் அறிக்கையில் அலட்சியம் என்று நோயாளி வழக்குத் தொடுத்தால், கம்பெனி எதுவாக இருந்தாலும் மருத்துவராக உங்கள் பெயரும் வழக்கில் இருக்கும். அடுத்தது வங்கி. புதிய கம்பெனிக்கு இயக்குநர்களின் சொந்த உத்தரவாதம் இல்லாமல் கடன் கிடைப்பது அரிது.

அந்த உத்தரவாதப் பத்திரத்தை மட்டும் அவசரத்தில் கையெழுத்திடாதீர்கள். மூவரும் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பு என்று இருந்தால், மற்ற இருவரால் கட்ட முடியாதபோது முழுத் தொகையையும் வங்கி உங்களிடமே கேட்கலாம். பங்கு அளவுக்கு மட்டும் பொறுப்பு என்று பேசிப் பாருங்கள். எல்லா வங்கியும் ஒத்துக்கொள்ளாது, கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. இதைவிட முக்கியமாக, கம்பெனியிலிருந்து விலகியதாலேயே உத்தரவாதம் தானாக விலகிவிடாது. பங்குகளை விற்றுவிட்டுப் போனவர், அவர் போன பிறகு திருப்பிக் கட்டாத கடனுக்கு வங்கியிலிருந்து கடிதம் பெற்றதை நான் பார்த்திருக்கிறேன். விலகுபவரை உத்தரவாதத்திலிருந்து விடுவிக்க மற்றவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அந்த இழப்பை அவர்கள் ஈடுசெய்ய வேண்டும் என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி போடுங்கள்.

பங்குதாரர் ஒப்பந்தம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "விலகுபவர் பக்கத்துத் தெருவில் கடை போடாமல் தடுக்க முடியுமா?" என்பதுதான். இணையத்தில் கிடைக்கும் பிரிட்டிஷ், அமெரிக்க மாதிரிகளில் "இரண்டு ஆண்டு, பத்து கிலோமீட்டர்" என்று அழகான தடைப் பத்தி இருக்கும். மலேசியாவில் அது பெரும்பாலும் செல்லாது. ஒப்பந்தச் சட்டம் 1950இன் 28ஆவது பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தை அந்த அளவுக்குச் செல்லாததாக்குகிறது. தடை நியாயமானதா என்று எடைபோடும் இங்கிலாந்து வழக்கம் இங்கே இல்லை. சட்டமே சொல்லும் விதிவிலக்குகள் சில உண்டு. தொழிலின் நற்பெயரை விற்றவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யாமலிருக்க, வாங்குபவரோடு ஒப்புக்கொள்ளலாம். கூட்டாளிகள், கூட்டு நடக்கும்போதும் கலையும்போதும் சில கட்டுப்பாடுகளை ஏற்கலாம். இந்தப் பிரிவை அறியாமல் எழுதிய ஒப்பந்தத்தை நம்பி வழக்குக்குப் போன ஒரு குழு, விலகிய கூட்டாளியைத் தடுக்க முடியாமல் கடைசியில் வழக்கறிஞர் செலவோடு திரும்பியது. அவர் சாலைக்கு எதிர்ப்புறத்திலேயே திறந்திருந்தார்.

ஆகவே தடையை நம்பாதீர்கள், விலகலை விலை உள்ளதாக்குங்கள். விலகும் அறிவிப்புக் காலத்தை நீளமாக வையுங்கள். ஆறு மாதம் குறைந்தது என்பேன், மாற்று ரேடியோலஜிஸ்ட் தேட அவ்வளவு ஆகும். பங்கை மற்றவர்கள் வாங்கும் விலையைத் தொழிலின் நற்பெயரோடு சேர்த்துக் கணக்கிட்டு, தவணைகளாகக் கொடுக்கும்படி எழுதுங்கள். அப்படிச் செய்தால் 28ஆவது பிரிவின் விதிவிலக்குக்குள் நிற்கவும் வாய்ப்புண்டு, இதை வழக்கறிஞர்தான் வரைய வேண்டும். விலைக் கணக்கை இப்போதே முடிவு செய்யுங்கள். பிரியும் நாளில் மூவருக்கும் மூன்று கணக்கு இருக்கும். கூட்டாளி இறந்தாலோ, பார்வை மங்கி அறிக்கை எழுத முடியாமல் போனாலோ என்ன என்பதும் இதே பத்தியில் வர வேண்டும். இறந்தவரின் பங்கு வாரிசுகளுக்குப் போகும். அவர்கள் மருத்துவர்களாக இல்லாமலிருக்கலாம், தங்களுக்குள்ளேயே பிரிந்து நிற்கலாம். ஒவ்வொருவர் பெயரிலும் ஆயுள், ஊனக் காப்புறுதி எடுத்து, அந்தப் பணத்தைக் கொண்டே பங்கை வாங்கிக்கொள்ளும்படி எழுதினால் குடும்பத்துக்கும் கைநிறையப் பணம் சேரும், உங்கள் கையில் தொழிலும் நிற்கும். இருப்பதிலேயே மலிவான ஏற்பாடு இதுதான், ஆனாலும் பெரும்பாலோர் செய்வதில்லை.

அடுத்து இடம். இதைக் கேட்கவில்லை, ஆனால் பினாங்கில் இதுதான் முதலில் தடுமாற வைக்கும். உங்கள் மனத்தில் மெக்காலிஸ்டர் சாலைப் பக்கம் ஏதாவது கடைவீடு இருக்கும் என்று நினைக்கிறேன். ஜோர்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாரம்பரிய எல்லைக்குள்ளும் அதைச் சுற்றிய இடைப்பகுதியிலும் கட்டடத்தை மாற்ற மாநகர் மன்றத்தின் கட்டுப்பாடுகள் உண்டு. எம்ஆர்ஐ என்றால் பல டன் எடை, ஹீலியம் வெளியேறும் குழாய், காந்தப்புலத் தடுப்பு எல்லாம் வேண்டும். பழைய மரத்தளக் கட்டடத்தில் அதை வைப்பதைவிட, புறநகரில் கான்கிரீட் தளமுள்ள கட்டடம் பார்ப்பது நல்லது.

வாடகை ஒப்பந்தமும் இதோடு சேர்ந்தது. கடை உரிமையாளர்கள் கொடுப்பது இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு, பிறகு நீட்டிப்பு என்ற வகையில்தான். தேசிய நிலச் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்று ஆண்டுக்கு உட்பட்ட வாடகைக்குப் பதிவு தேவையில்லை, ஆனால் உரிமைப் பத்திரத்தில் குறிப்பு ஏற்றாவிட்டால் புதிய உரிமையாளர் வந்ததும் உங்கள் நிலை பலவீனமாகிவிடும். ஈயத்தகடு பதித்த அறை, பல ஆண்டுக் கடன், பத்தாண்டு ஓடும் இயந்திரம் இவற்றை மூன்று ஆண்டு வாடகையில் வைப்பது பெரிய அபாயம். பதிவு செய்த குத்தகையே கேளுங்கள். உரிமையாளர் மறுத்தால் அந்த இடத்தை விடுங்கள்.

அனுமதிகள் பற்றிச் சுருக்கமாக. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம் 2006இல் அமலுக்கு வந்தது. கிளினிக் என்றால் பதிவு, பகல்நேரச் செயல்முறை மையம் போன்றவை என்றால் கட்ட அனுமதியும் இயக்க உரிமமும் தனித்தனியாக வேண்டும். வெறும் படமெடுத்து அறிக்கை கொடுப்பதா, பயாப்சி, வடிகுழாய் போன்ற செயல்முறைகளும் செய்வதா என்பதைப் பொறுத்து உங்கள் வகை மாறலாம். அதனால் மாநில சுகாதாரத் துறையின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவில் கட்டட வரைபடத்தோடு போய் முதலில் கேளுங்கள். கம்பெனி விண்ணப்பித்தால் இயக்குநர் குழுவில் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவராவது இருக்க வேண்டும். பதிவின்றி இயக்கினால் கம்பெனிக்கு 5 இலட்சம் ரிங்கிட் வரை அபராதம். எக்ஸ்ரே, சிடி, மேமோகிராம் எதுவானாலும் அணுசக்தி உரிமச் சட்டம் 1984இன் கீழ் சுகாதார அமைச்சின் மருத்துவக் கதிர்வீச்சுப் பிரிவில் உரிமம் வேண்டும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும், ஊழியர்களுக்குத் தனித்தனியாகக் கதிர்வீச்சை அளக்கும் பட்டைகளும், இயந்திரத்தின் தரச் சோதனைகளும் அதோடு வரும். எம்ஆர்ஐக்கும் அல்ட்ராசவுண்டுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அறைத் தடுப்பைக் கணக்கிடும்போது மேல்மாடியில் யாராவது குடியிருக்கிறார்களா என்று பாருங்கள். உடம்பில் சேரும் கதிர்வீச்சுக்கு, ஊழியருக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு 1 மட்டுமே வரம்பு. ரேடியோகிராபர்கள் துணைச் சுகாதாரத் தொழில் சட்டம் 2016இன் கீழ் பதிவு பெற்றவர்களா என்று நேர்காணலிலேயே கேளுங்கள்.

இயந்திரத்தை வாங்குவதா குத்தகையா என்று கேட்டீர்கள். வாங்கினால், இயந்திரத்துக்கு வாங்கிய ஆண்டில் 20 விழுக்காடு தொடக்கப்படியும் ஆண்டுதோறும் 14 விழுக்காடும் மூலதனப்படியாக வருமான வரியில் கழிக்கலாம். குத்தகையில் மாதத் தொகையே செலவாகக் கழியும். 2025 ஜூலை முதல் வாடகை, குத்தகைச் சேவைகளுக்கும் சேவை வரி வந்திருப்பதால், நீங்கள் பேசுவது நிதிக் குத்தகையா இயக்கக் குத்தகையா என்று கணக்காளரிடம் எழுத்திலேயே கேளுங்கள். ஆனால் நட்டமா இலாபமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டும் அல்ல, பராமரிப்பு ஒப்பந்தம்தான். உத்தரவாதக் காலம் முடிந்ததும் பராமரிப்புக்கு, பொதுவாக, ஆண்டுக்கு இயந்திர விலையில் பத்தில் ஒரு பங்கு அளவு போகும். சிடியின் எக்ஸ்ரே குழாய் அதில் அடங்குமா, இத்தனை ஸ்கேன் வரை மட்டும் என்று வரம்பு உண்டா? எம்ஆர்ஐயில் ஹீலியமும் குளிரூட்டும் பாகமும் அடங்குமா? இயந்திரம் ஓடும் நேரத்துக்கு விழுக்காட்டு உத்தரவாதம் கேளுங்கள், அதை எட்டாவிட்டால் ஒப்பந்தக் காலத்தை நீட்டித் தர வேண்டும் என்றும் கேளுங்கள். பொறியாளர் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டுமா பினாங்கிலேயே இருக்கிறாரா என்பது, உங்கள் ஒரே சிடி வெள்ளிக்கிழமை மாலை நின்றுபோகும்போது பெரிய வித்தியாசம். பழைய இயந்திரம் வாங்கினால், மருத்துவச் சாதனச் சட்டம் 2012இன் கீழ் பதிவான மாதிரிதானா, கொண்டுவருபவருக்கு உரிமம் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம்.

படங்களைச் சேமிக்கும் கணினி முறைக்கும் இதே கவனம் வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் எல்லாப் படங்களையும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில், என்ன விலையில் திருப்பித் தருவார்கள் என்பதை இப்போதே எழுதுங்கள். கடைசி நாளில் கேட்டால் விலையை அவர்கள்தான் சொல்வார்கள், நீங்கள் பேரம் பேச முடியாது.

இப்போது "பங்கு". இதற்கு என் பதில் ஒன்றே: கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். நோயாளியை அனுப்புவதற்கோ பெறுவதற்கோ எந்த வடிவில் பணம் கைமாறினாலும் அதைக் கட்டணப் பகிர்வு என்று தனியார் சுகாதார ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன, மலேசிய மருத்துவ மன்றமும் தொழில்ஒழுக்க மீறலாகவே பார்க்கிறது. சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் இது நோயாளியின் உடம்பில் எழுதப்படும் தொழில். தேவையில்லாத சிடி ஒன்று ஒரு பெண்ணின் மார்பில் கதிர்வீச்சாகச் சேர்கிறது, அந்தக் குடும்பத்தின் சேமிப்பிலிருந்து பணமாகப் போகிறது. கேட்பவர்கள் "கமிஷன்" என்ற சொல்லை எடுக்கமாட்டார்கள். "ஆலோசகர் கட்டணம்" என்பார்கள், மாதாமாதம் "இட வாடகை" கேட்பார்கள், இந்தோனேசியாவின் மெடானிலிருந்து நோயாளிகளை அழைத்துவரும் முகவருக்குத் தலைக்கு இவ்வளவு என்பார்கள். பினாங்கின் தனியார் மருத்துவத்தில் இந்தோனேசிய நோயாளிகளின் பங்கு பெரியது, அதனால் இந்தச் சோதனை உங்களுக்கு முதல் மாதத்திலேயே வரும்.

அனுப்பும் மருத்துவரே உங்கள் கம்பெனியில் பங்கு வாங்க முன்வருவது இன்னும் சிக்கல். பணம் தேவைப்படும் நேரத்தில் அது இனிமையாகத் தெரியும். அவருக்கு ஈவுத்தொகை போகும், அவர் நோயாளியை அனுப்புவார், எங்கே மருத்துவத் தேவை முடிகிறது எங்கே இலாபம் தொடங்குகிறது என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. அப்படி யாரையாவது சேர்த்தே ஆக வேண்டும் என்றால், ஈவுத்தொகைக்கும் அவர் அனுப்பும் எண்ணிக்கைக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது, நோயாளியிடம் அந்த உறவு சொல்லப்பட வேண்டும். நானாக இருந்தால் சேர்க்கமாட்டேன். அனுப்பும் மருத்துவர்களைத் தக்கவைக்க நேர்மையான வழி இருக்கிறது: அன்றே அறிக்கை, சந்தேகம் என்றால் தொலைபேசியில் நீங்களே பேசுவது, அவர் கேட்ட கேள்விக்கு முதல் வரியிலேயே பதில். அக்கரையிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் நோயாளிகளை அனுப்பும் சிறு கிளினிக் டாக்டர்கள் இதைத்தான் மதிக்கிறார்கள்.

காப்புறுதி நிறுவனங்களும் அவற்றின் இடைத்தரகு நிர்வாகிகளும் இதே வாசலில் வருவார்கள். பட்டியலில் உங்களைச் சேர்ப்பதற்குக் கட்டணத்திலிருந்து இத்தனை விழுக்காடு கழிப்போம் என்றால், அதுவும் கட்டணப் பகிர்வாக மாறக்கூடும் என்று மருத்துவ மன்றத்தின் கண்ணால் படியுங்கள். சேவைக்கு நிலையான கட்டணம் வேறு, நோயாளியின் தலைக்கு விழுக்காடு வேறு. எத்தனை நாளில் பணம் வரும், மறுத்தால் யாரிடம் முறையிடுவது, ஏற்கெனவே ஒப்புதல் கடிதம் கொடுத்துவிட்டு பிறகு மறுக்கலாமா என்ற மூன்றையும் பாருங்கள். தனியார் சுகாதார ஒழுங்குமுறைகளிலுள்ள கட்டண அட்டவணை மருத்துவரின் கட்டணத்துக்குத்தான் உச்சவரம்பு வைக்கிறது, இயந்திரக் கட்டணத்துக்கு அல்ல. ரசீதில் இரண்டையும் தனியாகக் காட்டுங்கள். மற்ற ஸ்கேன் சென்டர்களோடு உட்கார்ந்து விலை பேசி முடிவு செய்யாதீர்கள், போட்டிச் சட்டம் 2010 அதை அபராதத்துக்குரிய விதிமீறலாகவே பார்க்கும். விளம்பரம் போட வேண்டுமென்றால் மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் எண் வேண்டும், முகநூலில் போடும் சலுகை அறிவிப்புக்கும்தான்.

பொறுப்பு பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், தனியார் மருத்துவமனை தன் நோயாளிக்குச் செய்ய வேண்டிய கவனக் கடமையை "அவர் சுயேச்சை மருத்துவர்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அது மருத்துவமனை பற்றிய தீர்ப்புதான். ஆனாலும் உங்கள் சென்டர் வெளி ரேடியோலஜிஸ்ட்டுக்கு இரவுநேர அறிக்கைகளை அனுப்பினால், அவர் தவறு உங்கள் வாசலுக்கு வராது என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவருக்கு மலேசியாவில் மருத்துவத் தொழில் செய்வதற்கான ஆண்டுச் சான்றிதழ் இருக்கிறதா, நிபுணர் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, எந்த இழப்பீட்டுக் காப்பு என்று கோப்பில் வையுங்கள். 1997இல் நிறைவேற்றிய தொலைமருத்துவச் சட்டம் இன்னும் அமலுக்கு வரவே இல்லை. ஆகவே தொலைவிலிருந்து அறிக்கை எழுதுவதற்குத் தனிச் சட்டக் குடை எதுவும் கிடையாது, பொதுவான மருத்துவச் சட்டமும் அலட்சியச் சட்டமும்தான்.

2017 ஜூலை முதல் ஆண்டுச் சான்றிதழ் புதுப்பிக்கவே தொழில்முறைக் காப்பு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காப்பின் வகையைப் படித்தீர்களா? சம்பவம் நடந்தபோது காப்பு இருந்தால் போதும் என்பது ஒரு வகை. வழக்கு வரும் நாளில் காப்பு ஓட வேண்டும் என்பது இன்னொரு வகை. ரேடியோலஜியில் தவறவிட்ட கட்டி சில ஆண்டு கழித்தே தெரியவரும். வழக்குத் தொடர வழக்கமான காலவரம்பு ஆறு ஆண்டு, குழந்தையென்றால் 18 வயதுக்குப் பிறகு அந்த ஆறு ஆண்டு தொடங்கும். இரண்டாம் வகைக் காப்பை எடுத்திருந்து, ஓய்வு பெற்றோ மாற்றியோ போனால் வால் காப்பு, அதாவது பிறகு வரும் வழக்குகளுக்கான நீட்டிப்பு, தேவை. அதை யார் கட்டுவது என்பதையும் பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கம்பெனிக்குத் தனிக் காப்பு எடுங்கள், தனிநபர் காப்பு அதற்கு ஈடாகாது. வழக்குகளில் அடிக்கடி கேட்கப்படுவது, பார்த்ததைச் சொன்னீர்களா என்பது. ஆபத்தான கண்டுபிடிப்பை யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று அறிக்கையிலேயே ஒரு வரி எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்து எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். அறிக்கையைத் திருத்தினால் பழையதை அழிக்காமல் சேர்க்கை அறிக்கையாக எழுதுங்கள்.

தனிநபர் தரவுச் சட்டத்தைப் பலர் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியே மீறுகிறார்கள். உடல்நலத் தகவல் உணர்திறன்மிக்க (சென்சிட்டிவ்) தரவு, வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். 2025 ஜூன் முதல் தரவுக் கசிவு நேர்ந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 10,000 பேருக்கு மேல் இத்தகைய உணர்திறன்மிக்க தரவு வைத்திருந்தால் தரவுப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும். ஸ்கேன் சென்டருக்கு அந்த எண்ணிக்கை விரைவில் வந்துவிடும். படங்கள் வெளிநாட்டுச் சேமிப்பகத்தில் இருந்தால் அதையும் நோயாளி ஒப்புதலில் எழுதுங்கள்.

வரியில் மூன்று விஷயம் போதும். ஆண்டு வருவாய் 10 முதல் 50 இலட்சம் ரிங்கிட் வரை உள்ள தொழில்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து மின் விலைப்பட்டியல் முறை வந்துவிட்டது, அதற்கு மேற்பட்டவர்களுக்கு முன்பே. 2025 ஜூலையிலிருந்து வெளிநாட்டு நோயாளிகளுக்கான தனியார் மருத்துவச் சேவைக்கு, 15 இலட்சம் ரிங்கிட் வரம்பைத் தாண்டினால், 6 விழுக்காடு சேவை வரி உண்டு. மலேசியர்களுக்கு இல்லை. பதிவு மேசையில் அடையாள அட்டையா பாஸ்போர்ட்டா என்று சரியாகப் பதியாவிட்டால் அந்த வரி உங்கள் கையிலிருந்து போகும். மூன்றாவது, சொந்த உழைப்பின் வருமானத்தை வரி குறைவதற்காக மட்டுமே கம்பெனிக்குள் தள்ளினால், வருமான வரிச் சட்டத்தின் 140ஆவது பிரிவைக் காட்டி வரி வாரியம் கேள்வி கேட்கும். உங்களுக்கு நியாயமான சம்பளம் எழுதி, அதற்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட்டி, மீதியை ஈவுத்தொகையாக எடுங்கள்.

அரசு வேலை. அனுமதியின்றி வெளித்தொழிலில் ஈடுபடுவது அரசு ஊழியருக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது, ஆகவே பதவியில் இருந்துகொண்டே இயக்குநராகக் கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே தனியார் துறையில் இருக்கும் உங்கள் நண்பர் முதல் இயக்குநராக நின்று விண்ணப்பங்களைப் போடட்டும். உங்கள் பங்குரிமையை, வேலை விட்ட பிறகு நீங்கள் சேரும் நிபந்தனையோடு, வழக்கறிஞர் எழுதட்டும். இடத்தின் குத்தகை பதிவாகி, அனுமதி கடிதம் கைக்கு வந்து, வங்கி கடனை எழுத்தில் உறுதி செய்த பிறகு ராஜினாமா கடிதம் கொடுங்கள். இயந்திரம் வந்து பொருத்தி, உரிமம் பெற்று, முதல் காப்புறுதிப் பணம் வரும்வரை ஆறு முதல் ஒன்பது மாதம் வருமானமில்லாமல் வீடு ஓட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். அந்தத் தொகை உங்கள் மூவரிடமும் தனித்தனியாக இருக்கிறதா என்று இந்த வாரமே ஒருவரை ஒருவர் கேளுங்கள்.